அம்மா பிரேக் மிதிக்கும் இடம்

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று உனக்குத் தோன்றும். போனில் நாம் என்ன பேசுகிறோம், நீயே சொல். சாப்பிட்டாயா என்று கேட்கிறேன், ஆச்சு என்கிறாய். அங்கே குளிரா என்கிறேன், கொஞ்சம் என்கிறாய். அப்புறம் அம்மாவிடம் கொடுக்கிறேன், அவளும் அதையே கேட்கிறாள், நீயும் அதையே சொல்கிறாய், வைத்துவிடுகிறோம். வானிலை அறிக்கை வாசிக்கிற ஆட்கள் மாதிரி ஆகிவிட்டோம். உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, வாயால் ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம், ஒரு ஆபீஸ் கட்டடத்தின் உச்சியில் லிப்ட் மோட்டார் அறையில் கவிழ்த்த பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்திருக்கிறேன். கீழே யாராவது பட்டனை அழுத்தினால் மோட்டார் ஓடும், டப்பா ஆடும், எழுத்து கோணினால் அதனால்தான், அப்பாவுக்குக் கை நடுங்குகிறது என்று எண்ணிக்கொள்ளாதே.

முதலில் வீட்டுச் செய்தி. அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஊன்றுகோலை நீட்டி நீட்டி எல்லாரையும் அதட்டுகிறாள், பழைய அத்தையாகிவிட்டாள். மாடியில் குடியிருந்த பாட்டு வாத்தியார் காலி செய்துகொண்டு போய்விட்டார், வேறு ஆள் பார்க்க வேண்டும், பார்க்கவில்லை. தண்ணீர் மோட்டாரில் காயில் கருகி இரண்டு நாள் வாளி தூக்கினோம். அம்மாவைக் கண்ணாடிக் கடையில் கிளைக்கே பொறுப்பாக்கியிருக்கிறார்கள், ஆனால் லென்ஸ் வெட்டுகிற மிஷினை மட்டும் இன்னொருவர் கையில் கொடுக்க மாட்டேன் என்று நிற்கிறாளாம். சின்னவன் வேலை பார்த்த ஆபீசிலிருந்து அவன் மேசையில் இருந்ததையெல்லாம் ஒரு பையில் போட்டு அனுப்பினார்கள். ஒரு ஸ்வெட்டர், தண்ணீர் பாட்டில், சார்ஜர், பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட். அம்மா வாங்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் பிரிட்ஜ் மேல் வைத்தாள். அங்கேயேதான் இருக்கிறது. பால் எடுக்கக் கதவைத் திறந்தால் லேசாக ஆடும். எடுத்து வேறு இடத்தில் வைக்கலாம், இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. காய்ச்சல் என்று படுத்தவன் ஒரு வாரத்துக்குள் போய்விட்டான், நீ வந்தாய், எல்லாம் முடிந்தது, நீ போனாய், அதற்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் அழவில்லை. உன்னை ஏற்றிவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கினாள், எனக்குத் தோள் மரத்துப்போனது, அது அப்படியே உடம்பெல்லாம் பரவிவிட்ட மாதிரிதான் அன்றைக்கு முதல் இருக்கிறது. வலி என்று சொல்ல முடியாது. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதட்டைக் கடித்தால் நம் உதடு மாதிரியே இருக்காதே, அப்படி.

இனி காரின் விஷயம், சொல்ல வந்ததே அதுதான். நம் கார் அந்தத் தகரக் கொட்டகையில் உறை போர்த்திக்கொண்டு பல மாதம் நின்றது. அதற்கு முன்பு ஒரு சீசன்கூட அது நிற்காமல் ஓடியது உனக்குத் தெரியும். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவரிடமிருந்து அதை நான் வாங்கிவந்தபோது கிளட்சை ஊரே மிதித்துத் தேய்த்திருந்தது, பின் சீட்டைக் கழற்றினால் பேனா மூடி, ஹேர்பின், யாரோ ஒருவருடைய ஒற்றைத் தோடு. சீட்டுகளைப் பிடுங்கி, இரும்புக் கூண்டு வைத்து வெல்ட் செய்து, சஸ்பென்ஷனைத் தாழ்த்தி, என்ஜினைப் பிரித்து மறுபடி பூட்டி, பழைய விமான ஓடுதளத்தில் நடக்கும் கிளப் ரேஸுக்கு நான்தான் முதலில் கொண்டுபோனேன். லிப்டில் நாள் முழுக்க மேலும் கீழும் போகிறவனுக்கு இரண்டு வளைவில் குமட்டிக்கொண்டு வந்து, ஹெல்மெட்டைக் கழற்றக்கூட நேரமில்லாமல் போனதைச் சொல்லிச் சொல்லி நீங்கள் இருவரும் சிரிப்பீர்கள். அன்றைக்கு ஹெல்மெட்டைக் கழுவிக் காயவைத்துவிட்டு அம்மா சொன்னது, “நான் ஒரு சுத்து ஓட்டிப் பாக்கட்டுமா, சும்மாதான்.” அந்தச் சும்மா பதினாறு வருஷமாக ஓடுகிறது. நான் நட்டு போல்ட்டோடு நின்றுவிட்டேன், அவள் ஸ்டீயரிங்கோடு. அவள் வேகமான ஆள் கிடையாது. அந்தப் பெரிய நேர்ப்பாதை முடிந்து குளத்தை ஒட்டித் திரும்புகிற இடத்தில், பிரேக் எங்கே மிதிப்பது என்று அளந்துகொள்ள மூன்று பலகை நட்டிருப்பார்கள், எல்லாரும் இரண்டாவது பலகை தாண்டி மிதிப்பார்கள், அம்மா முதல் பலகையிலேயே மிதிப்பாள். அவளோடு ரேஸ் ஓட்டுகிற பேக்கரிக்காரர் அதற்காகவே அவளுக்கு முதல்பலகை அக்கா என்று பெயர் வைத்தார், “அக்கா அங்கேயே வண்டிய நிறுத்தி வழி கேட்டுட்டுத்தான் வருவாங்க” என்பார், அம்மாவும் சிரிப்பாள். எட்டாவதாக வருவாள், ஒன்பதாவதாக வருவாள், பத்திரமாக வருவாள். சின்னவனுக்குக் காரில் ஒரு பிடிப்பும் கிடையாது, எங்களோடு வருவான், வேனில் பின் சீட்டில் படுத்து அத்தனை சத்தத்திலும் நிம்மதியாகத் தூங்குவான், ரேஸ் முடிந்தால் எழுந்து “ஜெயிச்சாச்சா” என்று கேட்பான். இல்லைடா என்றால் சரி என்று திரும்பிப் படுப்பான்.

கொட்டகையில் கார் நின்றிருந்த நாட்களில் நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா உறையை இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். பேட்டரி செத்திருந்தது, டொக் டொக் என்று மட்டும் கேட்டது. நான் போய் நின்றேன். “ஆயில் மாத்தணும், பெல்ட் எல்லாம் காஞ்சு போச்சு, சீசன் ஆரம்பிக்கப் போறாங்க” என்றாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது, இருந்தது என்று எழுதுகிறேனே தவிர அப்பாடா என்று நினைத்துக்கொள்ள வேண்டிய இடம் இது என்று தெரிந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் கொட்டகைதான். பழைய இரும்புக் கடையில் ஒரு நல்ல கியர்பாக்ஸ் கிடைத்தது, வேறொரு ரேஸ் வண்டியிலிருந்து கழற்றியது, பல்லெல்லாம் சுத்தமாக இருந்தது, அதைப் போட்ட பிறகு வளைவிலிருந்து வெளியே வரும்போது என்ஜின் மூச்சு வாங்குவதே இல்லை. முன் பிரேக்கும் பெரிதாகப் போட்டோம். அம்மா அடியில் படுத்துக்கொண்டு கையை நீட்டுவாள், என்ன ஸ்பேனர் வேண்டும் என்று எனக்குத் தெரியும், கொடுப்பேன். பேச வேண்டியதே இல்லை. நல்ல வேலைதான் நடந்தது பெரியவளே, இதுவரை நாங்கள் இவ்வளவு சுத்தமாக ஒரு என்ஜினைப் பூட்டியதில்லை. வீட்டுக்குள் போனால் டிவியைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்போம், கொட்டகையிலாவது கைக்கு வேலை இருந்தது.

முதல் ரேஸில் அம்மா மூன்றாவதாக வந்தாள். எல்லாரும் கைதட்டினார்கள், கிளப் செயலாளர் மைக்கில் இரண்டு தடவை சொன்னார். துக்கத்திலிருந்து மீண்டு வந்துவிட்டாள், ஓட்டட்டும், நல்லது என்று என் காதுபடவே பேசினார்கள். நானும் தலையாட்டினேன். பேக்கரிக்காரர் மட்டும் கைதட்டவில்லை. உனக்கு அவரை நினைவிருக்கும், பின் சக்கரத்தில் இழுக்கிற அந்தப் பெரிய காரை வைத்துக்கொண்டு எப்போதும் முதல் இரண்டு இடத்துக்குள் வருவார், எல்லாருக்கும் ரொட்டி கொண்டுவருவார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, குளத்து வளைவுல அக்கா எனக்கு இடமே விடல. நான் பிரேக்க அழுத்தலன்னா ரெண்டு பேரும் சுவத்துலதான். ஒருத்தர் மேல வண்டி வருதுன்னா அவங்களுக்குத் தெரியும்ல, இவங்க பாக்கவே இல்லண்ணே” என்றார். ரேஸ்ல அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தேன். பாதி சீசன் ஓட வேண்டிய பிரேக் பேட் ஒரே ரேஸில் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. பிரேக் டிஸ்க் சூட்டில் நீலம் பாய்ந்து ஓரத்தில் மயிரிழை மாதிரி கீறல் விட்டிருந்தது. டயரில் ஒரு பக்கம், சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டு இழுபட்டதில் தேய்ந்த தட்டை. இத்தனை வருஷமாக அவள் ஓட்டின காரைத்தானே நான் பிரித்து மாட்டுகிறேன், அவள் எப்படி ஓட்டினாள் என்று அவள் சொல்ல வேண்டியதில்லை, இரும்பிலேயே இருக்கும். ரோட்டையும் ஓட்டுகிறவர் முகத்தையும் பிடிக்கக் காருக்குள் மாட்டியிருக்கிற கேமராவைப் போட்டுப் பார்த்தேன். முதல் பலகை போகிறது, இரண்டாவது போகிறது, மூன்றாவதும் போகிறது, அதற்கப்புறம் மிதிக்கிறாள். முகத்தைப் பார்த்தேன், கடையில் லென்ஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பாளே, அதே முகம். சாதாரணமாக ரேஸ் முடிந்து இறங்குகிறவர்கள் வேர்த்துக் கொட்டிக்கொண்டு கையை ஆட்டி ஆட்டிப் பேசுவார்கள், அம்மாகூட முன்பெல்லாம் வீடு வரைக்கும் வாய் ஓயமாட்டாள். இப்போது ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் காய்கறி வாங்கி வந்தவள் மாதிரி நிற்கிறாள். அடுத்த ரேஸில் இரண்டாவதாக வந்தாள், அதற்கடுத்ததில் முதல் முறையாக ஜெயித்தாள். கோப்பையைக் கொடுத்தார்கள், வேனின் தரையில் உருண்டுகொண்டே வந்தது, இன்னும் வேனிலேதான் கிடக்கிறது.

கேட்டேன். கேட்காமல் இருப்பேனா. கொட்டகையில் புது பேட் போட்டுக்கொண்டிருந்தோம், எதுக்கு இவ்வளவு உள்ள போய் மிதிக்கிற என்றேன். கையிலிருந்த பேடை உட்காரவைத்துவிட்டுச் சொன்னாள், “பயமே வரலங்க. முன்னாடியெல்லாம் அந்த வளைவு வந்தா கால் தானா போய் பிரேக்குல விழும். இப்ப ஒண்ணுமே இல்ல. ரோடு வருது, போகுது. நல்லாத்தானே ஓட்டறேன், எல்லாரும் நல்லாருக்குன்றாங்களே.” குரலில் ஒரு குறையும் இல்லை, கடைக் கணக்கு சொல்கிற மாதிரி சொன்னாள். எனக்கும் அதேதானே. போன மாதம் ஒரு லிப்டின் கூரைமேல் நின்று வேலை செய்யும்போது கீழே இருந்தவர் தெரியாமல் ஓட்டிவிட்டார், உச்சிக்கும் என் தலைக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது, குனிந்தேன், நின்றது, மறுபடி வேலையைப் பார்த்தேன். என்னோடு வேலை செய்கிறவர்தான் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். இதை அம்மாவிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

கொஞ்சம் நிறுத்திவிட்டுப் போனேன், ஏழாம் மாடியில் கதவு மூட மாட்டேன் என்கிறது என்று கூப்பிட்டார்கள், யாரோ சூயிங்கத்தைக் கதவுப் பள்ளத்தில் ஒட்டியிருக்கிறார்கள். எங்கே விட்டேன். ஆமாம், சீசனின் கடைசி ரேஸ். அதற்கு முந்தின வாரம் முழுக்க என் தலையில் ஒன்றுதான் ஓடியது. லிப்டில் வேகம் அளவு மீறினால் தானாகவே பிடித்துக்கொள்கிற ஒரு அமைப்பு இருக்கிறது, அது கெட்டுப்போன லிப்டை நான் ஓட விடமாட்டேன், பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன், யார் வந்து கத்தினாலும் சரி. இங்கே என் பெண்டாட்டியிடம் அது கெட்டுப்போயிருக்கிறது, நான் அவளுக்குப் புதுப் பேட் மாட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆக்சிலரேட்டர் மிதிக்குக் கீழே ஒரு போல்ட்டை வைத்து முழுசாக அழுந்தாமல் செய்துவிடலாமா என்று பார்த்தேன், கையில் போல்ட்டைக்கூட எடுத்தேன். அவளுக்குத் தெரியாமல் அவள் காரில் கைவைப்பதா என்று திரும்ப வைத்துவிட்டேன். நேராகவே சொன்னேன், “இந்த ரேஸுக்குச் சக்கர நட்ட நான் முடுக்க மாட்டேன்.” எல்லா ரேஸுக்கும் நான் முடுக்கித்தான் அவள் ஏறுவாள், அது எங்களுக்குள் ஒரு பழக்கம். அவள் கோபித்துக்கொண்டு கத்துவாள், அதிலிருந்து பேச்சு வளரும் என்று நினைத்தேன். “சரிங்க, நானே முடுக்கிக்கறேன்” என்றாள். குந்தி உட்கார்ந்து, அளவு வந்தால் டிக் என்று தட்டுகிற அந்த ஸ்பேனரை எடுத்து, ஒவ்வொரு சக்கரமாக முடுக்கினாள். டிக், டிக் என்று கேட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றேன். அவள் கை கழுவ உள்ளே போனதும் நான் அதே ஸ்பேனரை எடுத்து எல்லா நட்டையும் மறுபடி சரிபார்த்தேன். ஒன்றுகூடத் தளர்ந்திருக்கவில்லை. அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அன்றைக்கு நல்ல வெயில். பேக்கரிக்காரர் முதலில், அம்மா இரண்டாவது, அவருக்குப் பத்துப் பதினைந்து நொடி பின்னால்தான் இவள். வண்டிகளைப் பழுதுபார்க்கிற பிட் பகுதியின் சுவரோரம் நின்றேன், அங்கிருந்து குளத்து வளைவு நேராகத் தெரியும். கடைசிக்கு முந்தின சுற்றில் பேக்கரிக்காரர் காருக்கு அடியில் ஒரு ஆயில் குழாய் வெடித்துவிட்டது. வளைவுக்குள் அவர் திரும்பும்போதே பின்பக்கம் வழுக்கிச் சுழன்று குறுக்கே நின்றது, புகை வந்தது. தீப்பிடிக்கப் போகிறது என்று பயந்து பெல்ட்டைக் கழற்றிவிட்டு மனுஷன் இறங்கிவிட்டார். இறங்கவே கூடாது, அவருக்கே தெரியும், ஆனால் புகையைப் பார்த்தால் யார் உட்கார்ந்திருப்பார்கள். கொடிக்காரர் புகையைப் பார்த்துத் திகைத்துவிட்டு, தாமதமாகத்தான் வேகத்தைக் குறை என்கிற மஞ்சள் கொடியைத் தூக்கி ஆட்டினார். அம்மா அதற்குள் மூன்றாவது பலகையைத் தாண்டிவிட்டாள். ரோடு முழுக்க அவர் காரின் ஆயில். இவள் மிதித்தாள், நான்கு சக்கரமும் பூட்டிக்கொண்டு கார் பனிக்கட்டிமேல் விட்ட மாதிரி நேராகப் போனது, ஸ்டீயரிங்கைத் திருப்பியும் திரும்பவில்லை. நேர் எதிரே பேக்கரிக்காரர், கையில் ஹெல்மெட், முதுகில் அவர் கார், எந்தப் பக்கம் நகர்வது என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

அதற்கு மேல் காருக்குள் நடந்ததை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். காலை எடுத்தாளாம், பிரேக்கிலிருந்து. எதிரே ஆள் நிற்கும்போது பிரேக்கை விடுவது என்றால் என்ன என்று யோசித்துப் பார். விட்டால்தான் சக்கரம் உருளும், உருண்டால்தான் திரும்பும். ஆயில் இல்லாத ஓரத்தில் ஒரு சக்கரம் பட்டதும் கார் வெடுக்கென்று வலப்பக்கம் பிடித்து இழுத்தது, அவர் சட்டை காற்றில் ஆடுகிற தூரத்தில் தாண்டிப்போய் ஓரத்தில் பாதுகாப்புக்கு வைத்திருக்கிற டயர் அடுக்கில் மோதி நின்றது. நான் ஓடினேன். உன்னிடம் மறைக்க மாட்டேன் பெரியவளே, அவ்வளவு தூரம் ஓடும்போது என் மனதில் ஓடியது, ரேடியேட்டர் போயிருக்கும், இடது முன் சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கை வளைந்திருக்கும், கிளிப் எல்லாம் புதிதாக வாங்க வேண்டும். அம்மாவுக்கு என்ன ஆயிற்றோ என்று நினைக்க வேண்டும் என்று தெரிகிறது, நினைப்பு அந்தப் பக்கம் போக மறுக்கிறது. தரையில் ரேடியேட்டரின் பச்சைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அதைத் தாண்டிக் குதித்தேன்.

எனக்கு முன்னால் பேக்கரிக்காரர் கதவைத் திறந்து, “அக்கா, எனக்கு ஒண்ணுமில்லக்கா, இங்க பாருங்க, முழுசா நிக்கிறேன், பாருங்கக்கா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மாவுக்கும் ஒன்றும் இல்லை, தோளில் பெல்ட் பட்ட இடம் கன்றியது, அவ்வளவுதான், டாக்டரும் பார்த்துவிட்டார். ஆனால் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்க முடியவில்லை. நான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். பற்கள் தந்தியடித்தன, அந்த வெயிலில். ஹெல்மெட்டுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், கழற்றின பிறகுதான் கேட்டது. “பயமா இருக்குங்க. பயமா இருக்கு. அவரு நின்னுட்டு இருந்தாருங்க.” அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாள். இறக்கி டயர் அடுக்கில் உட்காரவைத்தோம். பேக்கரிக்காரர் அவள் காலடியில் தரையிலேயே உட்கார்ந்து, தன் கார் சொட்டின ஆயில்மேல் உட்கார்ந்திருப்பதுகூடத் தெரியாமல், சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாத மாதிரி ஏதோ பேசினார். எல்லாம் அடங்கின பிறகு அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், “நம்ம சின்னவனுக்கும் இப்பிடித்தான் பயமா இருந்திருக்குமா, கடைசியில? நம்மகிட்ட ஒண்ணும் சொல்லவே இல்லையேங்க.” அவன் போன பிறகு அவள் வாயில் அவன் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை. தெரியலம்மா என்றேன். அப்புறம் அழுதாள். கிளப்பில் எல்லாரும் விலகி நின்றார்கள், யாரோ மைக்கை அணைத்தார்கள், ரேஸை அத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

இது நடந்து ஒரு மாதம் ஆகிறது. கார் கொட்டகையில் மூக்கு நசுங்கி நிற்கிறது. அம்மா முன்பக்கத்தையெல்லாம் பிரித்துத் தனித்தனியாக அடுக்கியிருக்கிறாள், சரிசெய்ய வேண்டும் என்கிறாள், மறுபடி ஓட்டுவாயா என்றால் யோசிக்கணும் என்கிறாள், யோசிக்கட்டும். இப்போது அவளுக்கு எல்லாவற்றுக்கும் பயம். வாசல் கதவைப் பூட்டிவிட்டுப் படுத்தவள் எழுந்து போய் இழுத்துப் பார்க்கிறாள். கேஸ் மூடியிருக்கிறதா என்று என்னை அனுப்புகிறாள். நான் வேலையிலிருந்து வரக் கொஞ்சம் நேரமானால் தெருமுனையில் நிற்கிறாள், வந்ததும் எங்கே போய்த் தொலைந்தீர்கள் என்று தெரு கேட்கத் திட்டுகிறாள். திட்டினாள் பெரியவளே, எவ்வளவு நாள் கழித்து. அழுகையும் அப்படித்தான், காரணமே இல்லாமல் வருகிறது, மிஷினில் லென்ஸை வைத்துக்கொண்டே அழுதாளாம், கண்ணாடி வாங்க வந்தவர் தன் பவர் அவ்வளவு மோசமா என்று பயந்துபோனாராம். அவளே சொல்லிச் சிரித்தாள்.

உனக்கு எழுத உட்கார்ந்ததன் காரணம் இதுதான். இனிமேல் அம்மா உன்னை அடிக்கடி கூப்பிடுவாள். அங்கே ரோடு வழுக்குமா, இருட்டினபிறகு தனியாக நடக்கிறாயா, லேசாகத் தும்மினாயே அது என்ன தும்மல் என்று பிடுங்கி எடுப்பாள். காய்ச்சல் என்று மட்டும் வாய்தவறிக்கூடச் சொல்லிவிடாதே, இருந்தால் மறைக்கவும் மறைக்காதே, என்னிடம் முதலில் சொல். வேலை நேரத்தில் கூப்பிட்டால் எரிச்சல் வரும், வந்தாலும் எடு. எடுத்து ஒரு வார்த்தையில் ஆச்சு, கொஞ்சம் என்று நறுக்காமல் பதில் சொல். அவள் சின்னவனைப் பற்றிப் பேசினால் பேச்சை மாற்றாதே. நீ மாற்றுவாய், எனக்குத் தெரியும், நானும் மாற்றுகிறேன், நம் இருவருக்கும் அதில் ஒரே சாமர்த்தியம். அவளுக்கு இப்போது பேச வேண்டும். அவளிடம் சண்டைகூடப் போடு, பரவாயில்லை.

என்னைப் பற்றிக் கேட்பாய். எனக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை. அம்மா அழும்போது பக்கத்தில் உட்கார்கிறேன், முதுகைத் தடவுகிறேன், தண்ணீர் கொடுக்கிறேன், எல்லாம் சரியாகச் செய்கிறேன். என் பக்கம் சத்தமே இல்லை. அவளுக்கு வந்த மாதிரி எனக்கும் ஒருநாள் வரும் என்று அவள் சொல்கிறாள், கூரைமேல் நின்று செய்கிற வேலையை அதுவரைக்கும் வேறு யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும் என்று மட்டும் எனக்கே புரிந்தது, மேலாளரிடம் சொல்லிவிட்டேன், இப்போது தரையில் நின்று செய்கிற வேலையும் இந்த மோட்டார் அறையும்தான் என் பொறுப்பு. உனக்கு எப்படி இருக்கிறது என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அங்கே மாப்பிள்ளை வெளியே போன பிறகு யாரும் இல்லாத வீட்டில், வேலைக்குப் போகிற வழியில், ஏதாவது நேரத்தில் உனக்கு வந்துவிட்டதா? வந்திருந்தால் எப்படி வந்தது, எந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தாய் என்று அப்பாவுக்கு எழுது. வராவிட்டால் வரவில்லை என்று எழுது, அதுவும் போதும், நாம் இரண்டு பேராவோம்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு ஒற்றுமையாக இருக்க வேண்டும். உங்கள் காரில் பிரேக் ஆயில் மாற்றி எவ்வளவு காலம் ஆயிற்று என்று மாப்பிள்ளையிடம் கேள், தெரியாது என்றால் இந்த வாரமே மாற்றச் சொல், அப்பா சொன்னார் என்று சொல். சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது, கீழே கூப்பிடுகிறார்கள்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
அப்பா